டேங்க் காலியாகத்தானே இருக்கிறது

என் மகன் அந்தோணி ஆறு நிமிடத்தில் வெல்டர் ஆகிவிட்டான். எனக்கு அதற்கு ஆறு வருடம் ஆயிற்று. காலம் முன்னேறிவிட்டது, சந்தோஷம்.

விஷயம் இதுதான். செவ்வாப்பேட்டையில் அவன் குடியிருக்கிற வீட்டில் பைக்கின் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது. கைப்பேசியில் ஆறு நிமிடப் படம் ஒன்று பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் வெல்டிங் மெஷினைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே உட்கார்ந்து அடைத்துவிடப் போகிறானாம். இதை எனக்குச் சொன்னவள் என் மகள் ஜெசிந்தா.

"அப்பா, நீ சொன்னாதான் அண்ணன் கேக்கும்" என்றாள். டிகிரி படித்த பெண், அப்பாவி.

நான் அந்தோணிக்குப் போன் செய்தேன்.

"டேங்க் காலியாத்தான்பா கீது. மூடியத் தெறந்து ரெண்டு நாளா வெயில்ல வெச்சிக்கிறேன். இன்னா ஆவப் போவுது?"

"யார்ரா சொன்னது இப்படி வைக்கச் சொல்லி?"

"வீடியோல ஒருத்தரு. லட்சம் பேரு பாத்துகிறாங்கப்பா."

லட்சம் பேர் பார்த்தார்கள், சரி. பார்த்துவிட்டு டேங்கைப் பற்றவைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து இன்னொரு படம் பார்த்தார்கள் என்று அதில் போட்டிருக்க மாட்டார்கள். இதைச் சொன்னதும் "சரிப்பா, சரிப்பா" என்று போனை வைத்துவிட்டான். அவன் 'சரிப்பா' என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். எனவே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் ஜெசிந்தா திருத்திக்கொள்ளட்டும். நான் படித்தது எட்டாவது வரைதான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியின் வண்டி ஷெட்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன் என்பது பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்பதை நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முதல் இரண்டு வருடம் தண்ணீர் வாளி தூக்கினேன். அடுத்த இரண்டு வருடம் பிறர் வெட்டுகிற தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வருடம் வெல்டிங் ராடைக் கையில் கொடுத்தார்கள். ஆறாம் வருடம் "சூசை, நீ வெல்டருப்பா" என்றார்கள். பயிற்சி முடிந்தது. சான்றிதழ் என்று பார்த்தால் முழங்கையில் இருக்கிற சூட்டுத் தழும்புகள்தான்.

எங்கள் ஷெட்டுக்கு ஃபோர்மேன் நடராஜன் சார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசி, கடைசியில் "நைனா" என்று சேர்ப்பார். "இன்னா நைனா, பீடி வாசன வருது" என்று அவர் மெல்லக் கேட்டால் ஷெட்டில் இருக்கிற பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பையைத் தடவிக்கொள்வார்கள். அவருக்கு எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். நெருப்பு வேலை எதுவானாலும் பெர்மிட் எழுத வேண்டும். ஒரு ஆணியைச் சூடு பண்ணக்கூடப் பெர்மிட் கேட்பார் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம், அவர் இல்லாதபோது.

ஒழுகுகிற டேங்க் வந்தால் அவர் முறை இது. அந்தோணி, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படி. ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி பேட்டரி வயரைக் கழற்றுவோம். கைப் பம்பு போட்டு எண்ணெயை மூடி உள்ள இரும்பு கேனுக்கு மாற்றுவோம். வாயால் உறிஞ்சுகிற வீரர்களை அவர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிறகு டேங்கை இறக்கி, சோடா உப்பு போட்ட வெந்நீரால் கழுவிக் கவிழ்த்து, மறுபடியும் கழுவுவோம். ஏன் இத்தனை தடவை என்றால், வண்டி போகும்போது எண்ணெய் அலம்பாமல் இருக்க டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். அதன் மடிப்பில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஒளிந்துகொண்டு நாம் போகிற வரை காத்திருக்கும். அதனால் கழுவினது போதாது என்று, பாய்லரிலிருந்து குழாய் போட்டு நீராவியை உள்ளே விடுவோம். டேங்க் கை வைக்க முடியாத சூடாகி, பிறகு ஆறும். ஆறினதும், எரிகிற ஆவி மிச்சம் இருந்தால் ஊசி காட்டிக்கொடுக்கிற வாயுக் கருவியை உள்ளே விட்டுப் பார்ப்போம்.

அதற்கப்புறமும் விடமாட்டார். ஓட்டை மேலே வருகிற மாதிரி டேங்கைத் திருப்பி வைத்து, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பச் சொல்வார். உள்ளே ஆவி தங்க இடமே இருக்கக் கூடாது. மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். இவ்வளவும் ஆனபிறகு பெர்மிட்டை டேங்கின் மேலேயே வைத்து, இடது கையை அதன் மீது ஊன்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

"மேசைல வெச்சிப் போட்டா பேனாவுக்குப் பயம் வராது நைனா" என்பார்.

வெல்டு அடிக்கும்போது பக்கத்தில் ஒருவன் நிற்க வேண்டும். தீயணைக்கிற சிலிண்டர், ஈரச் சாக்கு, ஒரு வாளி மணல், இவற்றோடு நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெருப்புக் காவல் என்று பெர்மிட்டில் போட்டிருக்கும். நாங்கள் 'வேடிக்கை டியூட்டி' என்போம். வேலை தெரியாதவனுக்கும் முதுகு வலிக்காரனுக்கும்தான் அந்த டியூட்டி.

இத்தனை வருடத்தில் அந்த ஷெட்டில் ஒரு டேங்கும் வெடிக்கவில்லை. ஒரு டேங்க் வெடித்தது, ஆனால் அது ஷெட்டில் இல்லை. நடராஜன் சாரின் வீட்டில்.

ஆமாம், அவர் வீட்டில்தான்.

அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருந்தது. தகடுகள் சேருகிற ஓரத்துத் தையலில் துருப்பிடித்து அதன் டேங்க் ஒழுக ஆரம்பித்தது. வாரம் பூராவும் குளிக்கிற சோப்பைத் தேய்த்து ஓட்டினார். எல்லா டிரைவரும் செய்கிறதுதான் அது. பெட்ரோலில் சோப்பு சீக்கிரம் கரையாது, ஒருநாள் தாக்குப்பிடிக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டேங்கை இறக்கி, துணி துவைக்கிற பவுடர் தண்ணீரில் இரண்டு தடவை அலசி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சூசை, நாளைக்கு பூஜைக்கு வா. பொரி, சுண்டல் சாப்ட்டுப் போ. வெல்டு மறாநாள் வெச்சிக்கலாம், பூஜ அன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாது."

"நீராவி விட வேணாமா சார்?"

"ஊட்ல பாய்லரா வெச்சிக்கினுகிறேன்? தண்ணி ரொப்பிக்கினு அடிச்சிரலாம். காலியாத்தான் கீது."

ஷெட்டில் ஒரு சொட்டு டீசலுக்கு மூன்று கையெழுத்து கேட்கிற மனிதர். வீட்டில் பெட்ரோல். பெர்மிட்டும் இல்லை, நீராவியும் இல்லை. காரணம் சிம்பிள். கம்பெனியில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். வீட்டில் நம்மை யார் கேட்பது?

மறுநாள் போனேன். வாசலில் வேன் குளித்து நின்றது. அதன் முன்னால் வரிசையாகப் பலகையில் அவருடைய வெல்டிங் மெஷின், கிரைண்டர், அவர் மனைவியின் தையல் மெஷின், மகளின் சைக்கிள். கடைசியில், பட்டுப் பாவாடை கட்டாத குறையாக, டேங்க். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. திறந்திருந்த மூடி வாயில் ஒரு செம்பருத்திப் பூ.

அதை அங்கே வைத்தது நடராஜன் சாரின் மனைவி. எங்களுக்கெல்லாம் அவர் அக்கா.

"வண்டிக்கு மால போடறோம். அதோட வயித்த மட்டும் பின்னால குப்ப மேட்ல போட்டு வெச்சா இன்னா நியாயம்?" என்றார் என்னிடம். நியாயம்தான்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. அந்தோணி, நீ ஆசையாக வெயிலில் வைத்திருக்கிறாயே, அது செய்கிற வேலையைச் சொல்கிறேன். பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரியும். நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் கிடையாது. நீ காலி என்று சொல்கிற டேங்கில்தான் இடமோ இடம். மடிப்பில் ஒளிந்திருக்கிற ஒரு ஸ்பூன் பெட்ரோலை வெயில் காய்ச்சி ஆவியாக்கி, டேங்க் முழுக்க நிரப்பி, காற்றோடு கலந்து, பக்குவமாக வைத்திருக்கும். அந்த ஆவி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு வழியும், பத்தடி தள்ளியிருக்கிற அடுப்பைத் தேடிப் போகும். வாசனை வரவில்லை என்றால் ஆவி இல்லை என்று அர்த்தமில்லை, மூக்கு பழகிவிட்டது என்று அர்த்தம்.

நடராஜன் சார் வேட்டி கட்டி, தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். முதலில் வேனுக்கு மூன்று சுற்று காட்டினார்.

நான் கேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசைப்படி வந்தால் தட்டு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று.

சொல்லியிருக்கலாம். "சார், டேங்க்" என்ற இரண்டு வார்த்தைதான். ஆனால் நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அங்கே சுற்றி நின்றவர்கள் அவருடைய மாமனார், மச்சான்கள், தெருக்காரர்கள். ஒரு வேதக்காரன் வந்து கற்பூரத்தைக் காட்டாதே என்று சொன்னால் எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன். யோசிக்கிற நேரத்தில் வெல்டிங் மெஷினுக்கு மூன்று சுற்று முடிந்தது.

சரி, மெதுவாகப் பக்கத்தில் போய்ச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அவர் என் ஃபோர்மேன். பெட்ரோலைப் பற்றி ஃபோர்மேனுக்கு வெல்டர் சொல்லிக்கொடுப்பதா என்று மறுபடியும் யோசித்தேன். கிரைண்டர் முடிந்தது.

அவருக்குத் தெரியாததா, டேங்க் அருகில் போனதும் அவரே நிறுத்திவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தையல் மெஷின் முடிந்தது. ஆயுசு முழுக்க நான் செய்த யோசனைகளில் பாதியை அந்த ஐந்து நிமிடத்தில் செய்தேன். அத்தனையும் அழகான யோசனைகள்.

சைக்கிளுக்குக் காட்டும்போது இருமினேன். ஆமாம், இருமினேன். ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்ற முப்பத்தெட்டு வயது ஆம்பிளை எடுத்த நடவடிக்கை அது.

அக்கா திரும்பிப் பார்த்தார். "பொகை ஒத்துக்கல போல. சூசைக்குத் தண்ணி குடும்மா" என்று மகளிடம் சொன்னார். அந்தப் பெண் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். என் இருமலால் விளைந்த ஒரே நன்மை அதுதான். அவள் அதுவரை டேங்குக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

தட்டு டேங்குக்கு வந்தது. ஒரு சுற்றுதான் சுற்றினார். "டும்" என்று பெரிய சத்தமெல்லாம் இல்லை. பெரிய போர்வையை ஒரே உதறாக உதறினால் வருமே, அந்தச் சத்தம். டேங்கின் வாயிலிருந்து ஆளுயரத்துக்கு நெருப்பு எழும்பியது. டேங்க் பலகையை விட்டு ஒரு முழம் துள்ளி, ஓரத் தையல் பிளந்து விழுந்தது. தட்டு எங்கேயோ போயிற்று. நடராஜன் சார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வலது கையும், முகத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயிருந்தன.

அதற்கப்புறம் நான் நன்றாக வேலை செய்தேன். ஆபத்து முடிந்தபிறகு எனக்கு எல்லாம் நன்றாக வரும். அவர் கையைப் பிடித்துத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டேன். முகத்தில் ஈரத் துண்டு போட்டேன். ஒருவர் பேஸ்ட் கொண்டு வந்தார், ஒருவர் மாவு. "யாரும் கிட்ட வராத" என்று கத்தினேன். சுட்ட இடத்துக்குத் தண்ணீர்தான், இருபது நிமிடம் ஓயாமல் தண்ணீர், வேறு எதுவும் கூடாது. அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து நிமிடம் முன்னால் தெரிந்திருக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். கைக்குக் கட்டு. ஒரு புருவம் இல்லை. அது பிறகு வரவே இல்லை. அக்கா வெளியே போனதும் மெதுவாகக் கேட்டார்.

"நீ பாத்துக்கினுதானே இருந்த?"

"ஆமா சார்."

"எப்ப தெரிஞ்சுது?"

"வேனுக்குக் காட்டறப்பவே, சார்."

இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார்.

"அஞ்சு பொருள் தாண்டி வர வரைக்கும் இன்னா பண்ண நைனா?"

"இருமினேன் சார்."

அவர் சிரித்தார். முகம் இழுத்து வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார். "என் மேல தப்பு. நான் மறந்துட்டேன். ஆனா நீ மறக்கல. அதான் எனக்கு பேஜாரா கீது" என்றார்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, பன்னிரண்டு பேர் முன்னால், பெர்மிட் காகிதத்தில் என் பெயரை வெல்டர் இடத்தில் அடித்துவிட்டு நெருப்புக் காவல் இடத்தில் எழுதினார்.

"வேடிக்க பாக்கறது உனக்கு நல்லா வருது. அதையே வேலையா செய்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஷெட்டிலேயே நல்ல வெல்டர். என்னைச் சாக்கோடு நிற்க வைத்தார். உங்கள் அம்மாவிடம் வெல்டிங் வேலை குறைந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். உங்களிடம் அதையும் சொல்லவில்லை. மனதுக்குள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதையும் வெளியே சொல்லவில்லை, நமக்கு அதுதானே வழக்கம்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். லோடு ஏற்றுகிற லாரி ஒன்று டேங்க் ஒழுகி நின்றுவிட்டது. உற்பத்திப் பக்கத்து மேனேஜர் தலைமேல் நின்றார். கழுவினோம், நீராவி விட்டோம், பெர்மிட்டில் நடராஜன் சார் கையெழுத்தும் போட்டார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எல்லாரும் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். டேங்க் அதுவரை வெயிலில் கிடந்தது. வந்ததும் வெல்டர் முகமூடியை இறக்கினான்.

"நிறுத்து" என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "யாருய்யா இவன்? ஃபோர்மேனே கையெழுத்துப் போட்டாச்சு."

"அந்தக் கையெழுத்து ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி போட்டது சார். மறுபடியும் கருவி வைக்கணும். தண்ணியும் ரொப்பல."

"நடராஜன், யாரு இவரு?"

நடராஜன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இவரா? நெருப்புக் காவல். இவரு நிறுத்துன்னா நான் போட்ட கையெழுத்து செல்லாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கருவி எடுத்துக்கினு வாங்க, சூசை."

அதுவரை என்னை 'வா, போ' என்றுதான் சொல்வார்.

கருவி வைத்தோம். ஊசி எழும்பிச் சிவப்புக்குப் போயிற்று. மறுபடியும் நீராவி விட்டோம். லாரி மறுநாள்தான் போனது. மேனேஜர் என் மேல் கோபத்தோடு ஓய்வு பெற்றார். நல்லது, ஓய்வு பெறும் வரை இருந்தாரே. நான் அதே சாக்கோடு பதினோரு வருடம் நின்றேன். அந்தப் பதினோரு வருடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனை பேரிடம் திட்டு வாங்கினேன் என்று கணக்கு வைக்கவில்லை.

இனி உன் பைக்குக்கு வருகிறேன். வீட்டில் பாய்லர் இல்லை, வாயுக் கருவி இல்லை, பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. ஆகவே வெல்டிங் இல்லை, பித்தளை உருக்கி ஒட்டுகிற பிரேசிங் இல்லை, ஈயம் வைக்கிற சால்டர் இல்லை. நெருப்பு என்ற பேச்சே இல்லை. வீட்டில் நீ செய்யலாம் என்று நான் ஒத்துக்கொள்கிறவை இவைதான். வெட்டவெளியில் பெட்ரோலை மூடியுள்ள கேனுக்கு இறக்கலாம். அப்போது பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, மோட்டார் சுவிட்ச், உன் கைப்பேசி எதுவும் இருக்கக் கூடாது. ஊசி முனை ஓட்டையாக இருந்தால் சுத்தம் செய்து, பெட்ரோல் தாங்குகிற பசையை அழுத்தி, காய விட்டு, கடை வரை உருட்டிக்கொண்டு போகலாம். அது கடை வரைக்கும்தான், காலத்துக்கும் இல்லை. துரு அதிகமானால் வேறு டேங்க் வாங்கு.

நீ இதையெல்லாம் படித்துவிட்டு 'சரிப்பா' என்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நேற்று நீ வேலைக்குப் போனபிறகு செவ்வாப்பேட்டைக்கு வந்தேன். மருமகளிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே அவள் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். டேங்க் நிறையத் தண்ணீர் ரொப்பி, கொட்டி, மூடியை இறுக்கி, திறந்த வண்டியில் ஏற்றி, ஆவடியில் நீராவி வைத்திருக்கிற ஒரு ரேடியேட்டர் கடையில் கொடுத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் மெஷினையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் "ஏன் சார்?" என்று கேட்டார். அவருக்கும் முழுவதும் சொன்னேன், தெருவில் நின்று, நாலு பேர் கேட்க.

உன்னைக் கேட்காமல் உன் வீட்டில் புகுந்து உன் பொருளைத் தூக்கிக்கொண்டு போனது தப்புதான். வந்து சண்டை போடு. ஒரு மாதம் என்னோடு பேசாமல் இரு. இரண்டு புருவத்தையும் நெரித்துக்கொண்டு என்னை முறைக்கிற மகன் எனக்குப் போதும்.